செங்கடலின் சிறுமீனும் பெயர்களின் அமானிதமும்

மதரஸா வகுப்பொன்றில் அல்பகரா அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தை விளக்கிக் கொண்டிருந்தேன். கொசுவையோ அதற்கு மேற்பட்டதையோ உவமையாகக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்னும் கருத்துடைய வசனம் அது. அதிலுள்ள 'ஃபமா ஃபவ்கஹா' என்ற சொல்லாட்சிக்கு விரிவுரையாளர்கள் இரு பொருள் தருகின்றனர். கொசுவைவிடப் பெரியது என்பது ஒன்று. சிறுமையில் கொசுவையும் மிஞ்சியது, அதாவது அதனினும் சிறியது என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் பொருளை விளக்கிய வேளையில் மாணவர் ஒருவர் எழுந்து, "உஸ்தாத், அவ்வளவு சிறிய உயிர்களை அறிந்து கொள்வதால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்டார். நேர்மையான வினா. அதற்கு அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இரண்டு சென்டிமீட்டர் நீளங்கூட இல்லாத ஒரு மீனைப் பற்றிப் பின்னர் படிக்க நேர்ந்தபோது, அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி கிட்டியதாக உணர்ந்தேன். அதனையே இக்கட்டுரையில் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

செங்கடலின் புதிய அறிமுகம்

2024ஆம் ஆண்டு 'ஸூகீஸ்' என்னும் விலங்கியல் ஆய்விதழில் ஒரு புதிய மீனினம் விவரிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயர் 'சுவியோட்டா ஈத்தோன்'. நம் கடற்கரை மக்கள் உளுவை என்றழைக்கும் மீன்களின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. சவூதி அரேபியாவின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ஃபரஸான் திட்டுகள் எனப்படும் பவளப்பாறைப் பரப்பில் அது முதலில் கண்டெடுக்கப்பட்டது. ஜித்தாவுக்கு வடக்கேயுள்ள துவல் என்னும் ஊரை அடுத்த கடலிலும் பின்னர் கிடைத்தது. துவலில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளரும் இணைந்து இதனை உலகுக்கு அறிவித்தனர்.

இம்மீன் தீக்கங்கு போன்ற செந்நிறம் கொண்டது. பாறைகளின் சிறு துளைகளிலும் இடுக்குகளிலும் ஒளிந்து வாழ்கிறது. அவ்விடங்களில் பாறையின்மேல் சுண்ணாம்பைப் படியவைக்கும் சிவந்த பாசி படர்ந்திருக்கும். அச்செம்மைக்குள் மீனின் செம்மை மறைந்து விடுகிறது. மேலும் நீரில் ஆழம் செல்லச் செல்ல ஒளியின் சிவப்புக் கூறுதான் முதலில் உறிஞ்சப்படுகிறது. ஆகவே, நம் கையில் பளிச்சிடும் நிறம் ஆழத்தில் நிழலாகி விடுகிறது. அதன் வாயிலிருந்து கோரைப்பற்கள் வெளியே நீண்டிருக்கின்றன. தன்னினும் சிறிய முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றுவதற்கு அவை உதவுகின்றன. மேல்நோக்கிய வாயும் முறைப்பது போன்ற கண்களும் கொண்ட அதன் முகத்தைக் கண்ட ஆய்வாளர்கள், பொதுவழக்கில் அதற்குச் 'சிடுமூஞ்சிக் குள்ள உளுவை' என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். ஈத்தோன் என்பதோ கிரேக்கத் தொன்மக் கதையில் சூரியத் தேரை இழுக்கும் குதிரைகளுள் ஒன்றின் பெயர். எரிவது, கனல்வது என்பது அதன் பொருள்.

நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றோடு மக்கள் இணைத்துப் பேசும் கடல் இது. ஹிஜ்ராவுக்கு முன்னரே முதல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குக் கடந்து சென்ற கடல். நூற்றாண்டுகளாக ஹாஜிகளின் கப்பல்கள் ஜித்தாவை நாடி வந்த கடல். பழைய அரபுப் புவியியலார் 'பஹ்ருல் குல்ஸும்' என்று எழுதிய இக்கடலின் ஓர் உயிர் நம் காலம்வரை பெயரின்றி இருந்தது என்பதும், பெயர் கிடைத்தபோது அது கிரேக்கக் குதிரையின் பெயராக அமைந்தது என்பதும் சிந்தனைக்குரியன. இதனை எண்ணி வருந்துவோர் நம்முள் இருக்கலாம். வருத்தத்திற்கு முன் அறிந்து கொள்ள வேண்டியவை சில உள்ளன.

மர்ஜான்: பவளமா, முத்தா?

அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இரு கடல்களிலிருந்தும் 'லுஃலுஉ', 'மர்ஜான்' ஆகிய இரண்டும் வெளிப்படுவதைக் குறிப்பிடுகிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இவற்றை முத்து, பவளம் என்றே தருகின்றன. ஆனால் முற்கால விரிவுரையாளர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) தம் விரிவுரையில் அவற்றைத் தொகுத்துத் தருகிறார். பெரிய முத்து லுஃலுஉ, சிறிய முத்து மர்ஜான் என்பர் சிலர். இதற்கு நேர்மாறாகக் கூறுவர் வேறு சிலர். மர்ஜான் என்பது செம்மணி என்ற கருத்து இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. இக்கருத்தே பிற்காலத்தில் பவளம் என்ற பொருளுக்கு வலுவூட்டியது.

பவளம் என்பது யாது என்பதிலும் மனித அறிவு நெடுங்காலம் தடுமாறியது. அது கல்லா, செடியா என்று அறிஞர்கள் வாதிட்டனர். மார்சேய் நகரத்து மருத்துவர் பெய்சொனல் 1720களில் வட ஆப்பிரிக்கக் கரையோரத்தில் பவளங்களை உயிரோடு ஆராய்ந்து, அவற்றின் 'மலர்கள்' எனக் கருதப்பட்டவை உண்மையில் சிறு விலங்குகளே என்று உரைத்தபோது, பாரிஸ் அறிஞர் அவை அதனை ஏற்கத் தயங்கியது. இன்று அதுவே அடிப்படைப் பாடம். பவளப்பாறை என்பது கோடானுகோடி மெல்லுடல் உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய குடியிருப்பு.

அக்குடியிருப்பின் சுவர்களை மனிதனும் தன் வீட்டுக்குப் பயன்படுத்தினான். ஜித்தாவின் பழைய நகரான அல்பலத் பகுதியிலுள்ள மாடி வீடுகள் பவளக்கல்லால் கட்டப்பட்டவை. 2014இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆக, ஹாஜிகளை வரவேற்ற வீடுகளின் சுவரில் இருந்த கல், கடலுக்குள் இச்சிறு மீனின் இனத்தாருக்குச் சுவராக இருந்த கல்லே.

இணைத்தலும் பிரித்தலும்

ஓர் உயிரைப் 'புதிய இனம்' என்று எவ்வாறு முடிவு செய்கின்றனர்? இதுவரை எவரும் காணாதது என்பது அதன் பொருளன்று. முன்னர் விவரிக்கப்பட்ட எந்த இனத்தோடும் இது பொருந்தவில்லை என்று சான்றுகளால் நிறுவுவதே அதன் பொருள். துடுப்பிலுள்ள கதிர்களை எண்ணுகின்றனர். தலையிலுள்ள உணர்வுத் துளைகளின் இருப்பிடத்தைப் பார்க்கின்றனர். செதில், பல், நிறம் ஆகியவற்றை ஒப்பிடுகின்றனர். இக்காலத்தில் மரபணுவையும் சோதிக்கின்றனர். பின்னர் ஒரே ஒரு மாதிரியை அவ்வினத்தின் மூலச்சான்றாக அறிவித்து, ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக வைக்கின்றனர். நூறாண்டு கழித்து ஐயம் கொள்ளும் எவரும் அம்மூலத்திடம் திரும்பிச் சென்று சரிபார்க்கலாம்.

இம்மீனின் கதையில் இம்முறையின் அருமை விளங்குகிறது. அதனை முதலில் கண்டபோது ஆய்வாளர்கள் புதிய இனம் என்று கருதவில்லை. 'சுவியோட்டா பைரியோஸ்' என்னும் மற்றொரு செந்நிற உளுவை செங்கடலிலிருந்து முன்பே அறியப்பட்டிருந்தது. 1972இல் பிடிக்கப்பட்ட ஒரே ஒரு மீனை அடிப்படையாகக் கொண்டு 2017இல்தான் அது விவரிக்கப்பட்டது. அதாவது, அந்த ஒற்றைச் சான்று நாற்பத்தைந்து ஆண்டுகள் பெயருக்காகக் காத்திருந்தது. தொலைந்து போன அந்த மீனையே மீண்டும் கண்டுவிட்டோம் என்று ஆய்வாளர்கள் எண்ணினர். நுணுகி ஒப்பிட்ட பின்னரே இரண்டும் வேறு என்று தெளிந்தனர். ஆகவே பைரியோஸ் இன்னும் அந்த ஒற்றைச் சான்றாகவே நிற்கிறது. அதன் உறவினர் எங்கோ ஓர் இடுக்கில் இருக்கக்கூடும்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. அறிவிப்பாளர்களுள் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்ட இருவர் இருப்பர். ஒருவர் நம்பத்தகுந்தவர், மற்றவர் பலவீனமானவர். இருவரையும் ஒருவராக்கி விட்டால் பலவீனமான செய்தி வலுவானதாகத் தோன்றும். மறுபுறம், ஒரே மனிதர் ஓரிடத்தில் இயற்பெயராலும் வேறிடத்தில் குன்யத்தாலும் குறிப்பிடப்படுவார். அவரை இருவராக்கி விட்டால் ஒரு சான்று இரண்டாகப் பெருகிவிடும். பக்தாதின் கதீப் (மறைவு ஹிஜ்ரி 463, கி.பி. 1071) இவ்விரு பிழைகளையும் திருத்துவதற்கென்றே தனி நூல் எழுதினார். 'மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்' என்பது அதன் பெயர். இணைத்தலிலும் பிரித்தலிலும் நேர்ந்த தவறான எண்ணங்களைத் தெளிவாக்குவது என்பது பொருள். ஒரே பெயருடைய வெவ்வேறு மனிதர்களைப் பிரித்தறிய 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்ற வேறொரு நூலையும் அவர் இயற்றினார்.

இன்றைய விலங்கியலாரின் பெருங்கவலையும் இணைத்தலும் பிரித்தலுமே. கருவிகள் வேறு, பொருள் வேறு. ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளாமல் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்ற நேர்மையும், மூலச் சான்றிடம் திரும்பிச் செல்லும் ஒழுக்கமும் ஒன்றே. நம் முன்னோர் மனிதர்களைப் பற்றி மேற்கொண்ட இக்கடும் உழைப்பை, இறைவனின் பிற படைப்புகளைப் பற்றி மேற்கொள்வதற்கு மார்க்கத்தில் எத்தடையும் இருந்ததில்லை.

நூலோரின் மௌனமும் மீனவரின் சொல்லும்

அவ்வுழைப்பு அறவே இல்லாமலும் இல்லை. பஸராவின் ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) எழுதிய 'கிதாபுல் ஹயவான்' விலங்குகளைப் பற்றிய அரபு நூல்களுள் தலையாயது. எகிப்தின் தமீரீ (மறைவு ஹிஜ்ரி 808) 'ஹயாத்துல் ஹயவான்' என்ற நூலில் உயிரினங்களை அகரவரிசையில் நிரல்படுத்தி, ஒவ்வொன்றின் மொழி, இயல்பு, மார்க்கச் சட்டம் ஆகியவற்றை விளக்கினார். ஆயினும் மீன்களைப் பொறுத்தவரை ஜாஹிஸ் கூறும் ஒரு சமாதானம் கவனத்திற்குரியது. மீன்களுக்குத் தனி இயல் அமைக்காமைக்கு அவர் காரணம் காட்டுகிறார். அவற்றைப் பற்றிச் சான்றாகக் கொள்ளத்தக்க கவிதைகள் போதிய அளவில் இல்லை. கிடைப்பன கடலோடிகளின் செய்திகள் மட்டுமே. அவர்களோ பேச்சுக்குப் பொறுப்பேற்காதவர்கள். இதுவே அவர் வாதத்தின் சாரம்.

ஆய்வுநெறி என்ற நோக்கில் அவருடைய எச்சரிக்கை பாராட்டுக்குரியது. சான்றில்லாத செய்தியை அவர் நூலில் ஏற்றவில்லை. ஆனால் கடலோடியின் சொல்லை நம்ப இயலாதெனில், அவனோடு படகேறிச் சென்று நேரில் பார்ப்பது மற்றொரு வழி. அவ்வழியில் செங்கடலுக்கு வந்தவர் தொலைதூர நாட்டவர் ஒருவர்.

பீட்டர் ஃபோர்ஸ்கால் 1732இல் ஹெல்சின்கியில் பிறந்தவர். உயிரினங்களுக்கு இருசொற் பெயர்முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். கீழ்த்திசை மொழிகளையும் பயின்றவர். டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரடரிக் அனுப்பிய அரேபியப் பயணக்குழுவில் ஒருவராக 1761இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டார். எகிப்து, ஜித்தா, யமன் என்று சென்ற இடமெல்லாம் செடிகளையும் மீன்களையும் சேகரித்தார். மீனை இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கத் தோலை உலர்த்தி, இலைகளைப் போலத் தாளில் ஒட்டி வைத்தார். 1763 ஜூலையில் யமனின் யரீம் நகரில் மலேரியா நோயால் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. குழுவில் உயிரோடு நாடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. அவர்தாம் நண்பரின் குறிப்புகளை 1775இல் நூலாக அச்சிட்டார். அந்த மீன் தாள்களில் எஞ்சியவை கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

நமக்கு முக்கியமானது அவர் பெயரிட்ட முறை. மீனவர்கள் வழங்கிய அரபுப் பெயர்களைக் கேட்டறிந்து, அவற்றையே பல மீன்களின் அறிவியல் பெயர்களாக ஏற்றினார். போஹர், ஹரக், சோஹல், ஹரீத் முதலிய சொற்கள் அவ்வாறே உலகெங்குமுள்ள மீனியல் நூல்களில் இடம்பெற்றன. பெரிய கண்களையுடைய ஒரு செந்நிற மீன் 'முர்ஜான்' என்ற பெயரைச் சுமக்கிறது. பவளத்தின் பெயரே அது. திருமறை குறிப்பிடும் சொல்லொன்று, செங்கடல் மீனவனின் நாவிலிருந்து இறங்கி, இலத்தீன் நூலொன்றில் ஏறி, இன்று ஜப்பானியரும் பிரேசிலியரும் எழுதும் ஆய்வுகளில் வழங்குகிறது. இவற்றுள் ஹரீத் என்பது கிளிமீன். செங்கடலின் தென்பகுதியிலுள்ள ஃபரஸான் தீவுகளில் ஆண்டுதோறும் இளவேனிற்காலத்தில் ஹரீத் மீன்கள் கூட்டமாகக் கரையருகே வருவதும், ஊரார் திரண்டு சென்று அவற்றைப் பிடித்து விழா எடுப்பதும் இன்றளவும் தொடரும் வழக்கம்.

எனவே, கிரேக்கக் குதிரையின் பெயரை எண்ணி வருந்துவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மீனவனின் வாயில் பெயர் இருந்த மீன்களுக்கு அரபுப் பெயர் கிட்டியது. பாறையிடுக்கில் ஒளிந்திருந்த இச்சிறு மீனுக்கு மீனவனிடமும் பெயரில்லை. வலைக்கும் தூண்டிலுக்கும் அது சிக்குவதில்லை. சந்தைக்கு வருவதில்லை. எவர் தேடிச் சென்று பார்க்கிறாரோ அவரே பெயர் சூட்டுகிறார். ஆதம் (அலை) அவர்களுக்கு எல்லாப் பொருள்களின் பெயர்களும் கற்பிக்கப்பட்டன என்று அல்பகரா அத்தியாயம் (2:31) கூறுகிறது. மலக்குகளுக்கு முன் மனிதனின் சிறப்பு வெளிப்பட்டது பெயரறிவினால்தான். அவ்வறிவு ஆதமின் மக்கள் அனைவருக்கும் உரிய அமானிதம். அதனை ஓர் இனத்தார் கைவிட்டால் பிறிதோர் இனத்தார் ஏந்துவர்.

சிறியவற்றின் பயன்

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். இரண்டு சென்டிமீட்டர் மீனால் என்ன பயன்?

பவளப்பாறைகளின் அடித்தளத்தில் ஒளிந்து வாழும் இத்தகைய சிறு மீன்கள், அங்குள்ள மீனினங்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதி. ஆனால் கண்ணில் படாததால் நெடுங்காலம் எவரும் அவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. பவளப்பாறையைச் சுற்றியுள்ள நீர் ஊட்டச்சத்துக் குறைந்தது. அத்தகைய நீரில் இத்துணைப் பெருமீன் கூட்டம் எதை உண்டு வாழ்கிறது என்பது டார்வின் காலம் முதல் கேட்கப்பட்டு வரும் புதிர். 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு அப்புதிருக்கு ஒரு பகுதி விடையளித்தது. பாறைகளில் பிற உயிர்களுக்கு இரையாகும் மீன் நிறையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை இச்சிறு மீன்களே வழங்குகின்றன என்பது அதன் முடிவு. எந்த ஒரு கணத்திலும் அவற்றின் மொத்த நிறை அற்பமே. ஆனால் அவை பிறப்பதும் வளர்வதும் இரையாவதும் மீண்டும் பிறப்பதும் அத்துணை விரைவு. அவற்றின் குஞ்சுகள் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் பெரும்பாலும் பாறையை ஒட்டியே தங்கிவிடுவதால், இழப்பு உடனுக்குடன் ஈடு செய்யப்படுகிறது.

அவ்விரைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் மீனின் நெருங்கிய உறவினமான 'எவியோட்டா சிகில்லாட்டா' என்னும் குள்ள உளுவையை ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆராய்ந்தோர், அதன் முழு ஆயுள் 59 நாள்களைத் தாண்டுவதில்லை என்று 2005இல் அறிவித்தனர். அதில் மூன்று வாரங்கள் குஞ்சாக நீரில் மிதப்பதில் கழிகின்றன. பின்னர் பாறையில் தங்கி, ஓரிரு வாரங்களில் முதிர்ந்து, எஞ்சிய சில வாரங்களில் இனத்தைப் பெருக்கி மடிகிறது. முதுகெலும்புள்ள உயிர்களுள் பதிவான மிகக் குறுகிய வாழ்நாள்களுள் ஒன்று இது. ஒரு ரமளானின் தலைப்பிறையில் பிறந்தது துல்ஹஜ் பிறையைக் காண்பதில்லை.

ஹரீதும் போஹரும் மீனவனின் வலையில் விழ வேண்டுமானால், அவை வாழும் பாறையின் இடுக்குகளில் பெயரற்ற சிறு மீன்கள் பிறந்தும் மடிந்தும் கொண்டிருக்க வேண்டும். ஊர்ந்து திரியும் உயிர் ஒவ்வொன்றின் உணவும் அல்லாஹ்வின் பொறுப்பில் உள்ளது என்றும், அதன் தங்குமிடத்தையும் ஒப்படைக்கப்படும் இடத்தையும் அவன் அறிவான் என்றும் ஹூத் அத்தியாயம் (11:6) உணர்த்துகிறது. அந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணி இந்தச் சிடுமூஞ்சி மீன். 'நமக்கு' என்ன பயன் என்று கேட்பதைவிட, படைப்பின் ஒழுங்கில் அதன் பணி யாது என்று கேட்பதே முறையான கேள்வி. அவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை (6:38) பிற உயிர்களைப் பற்றிக் கூறுவதன் பொருள் இங்கே விரிகிறது.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமையாகும். இம்மீனைப் பற்றித் திருக்குர்ஆன் முன்னரே அறிவித்துவிட்டது என்று நான் வாதிடவில்லை. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வெளிவந்த பின்னர் அதற்கொரு வசனத்தைத் தேடிப் பொருத்துவது நம்மிடையே பெருகிவிட்ட வழக்கம். அது மறைக்குச் செய்யும் பெருமையன்று. இன்றைய ஆய்வு முடிவு நாளை திருத்தப்படலாம். அப்போது வசனத்தின் பொருளையும் திருத்துவோமா? திருமறை நம்மைப் பார்க்கச் சொல்கிறது, சிந்திக்கச் சொல்கிறது. பார்த்தவர்கள் கண்டதை வைத்து, பார்க்காத நாம் பெருமை கொள்வது அக்கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகாது.

வெளிறும் பவளம்

பெயர் கிட்டிய காலத்திலேயே இம்மீனின் வீடு இடருக்குள்ளாகியிருக்கிறது. பவள உயிரின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்திற்கு அளிக்கின்றன, நிறத்தையும் தருகின்றன. கோடைக்காலத்தின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் ஒரு பாகை செல்சியஸ் கூடுதலாகிச் சில வாரங்கள் நீடித்தாலே இந்தக் கூட்டுறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றி வெளிறிப் போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளலாம். நீடித்தால் பட்டினியால் இறக்கிறது.

செங்கடல் இதில் தனித்தன்மை வாய்ந்தது. நிலையான ஆறு ஒன்றும் அதில் கலப்பதில்லை. தெற்கே பாபுல் மந்தப் நீரிணையின் குறுகிய வாயில் வழியாகவே இந்தியப் பெருங்கடலோடு தொடர்பு கொள்கிறது. உப்பும் வெப்பமும் மிக்க இச்சூழலுக்கு அதன் உயிர்கள் பழகியிருக்கின்றன. அங்கு வாழும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்களுள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வேறெங்கும் காணப்படாதவை. வடகோடியிலுள்ள அகபா வளைகுடாப் பவளங்கள் வெப்பத்தைத் தாங்குவதில் வியக்கத்தக்க வலிமை காட்டுகின்றன. ஆனால் நடுப்பகுதியும் தென்பகுதியும் அவ்வாறல்ல. 2010, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பவளங்கள் வெளிறின. உலக அளவில் நான்காவது பெருவெளிறல் நிகழ்ந்து கொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சிடுமூஞ்சி மீனுக்குப் பெயர் சூட்டப்பட்டது.

1972இல் ஒருமுறை மட்டும் பிடிபட்ட பைரியோஸ் மீனை இங்கு நினைவுகூர்க. அது இன்னும் இருக்கிறதா என்பதை அதன் ஒற்றைச் சான்று சொல்ல இயலாது. பெயரே பெறாமல் மறைந்து போன இனங்களைப் பற்றியோ, அவை மறைந்தன என்று சொல்வதற்கும் எவருமில்லை. மனிதக் கரங்கள் தேடிக்கொண்டவற்றின் காரணமாகத் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியது பற்றி அர்ரூம் அத்தியாயம் (30:41) எச்சரிக்கிறது. முற்கால விரிவுரையாளர்கள் கடலின் சீர்கேட்டை எவ்வாறு விளக்குவது என்று பலவாறு சிந்தித்தனர். நாமோ அதனைக் கண்ணெதிரே காண்கிறோம். அவ்வெப்பத்திற்குக் காரணமான எண்ணெயும் நிலக்கரியும் எரிவது எவர் நாட்டில் என்று பிறரை மட்டும் சுட்டிக் காட்டவும் நமக்கு இயலாது.

நமக்குரிய பங்கு

தமிழ் முஸ்லிம்களுக்கு இச்செய்தி தொலைவானதன்று. கீழக்கரையும் காயல்பட்டினமும் மன்னார் வளைகுடாவின் ஊர்கள். முத்துக் குளித்தலும் கடல் வாணிபமும் நம் முன்னோரின் தொழில்கள். அவ்வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல்லாண்டுகள் அவை வெட்டியெடுக்கப்பட்டன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனினும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பம் அங்கும் பவளங்களை வெளிறச் செய்தது. சட்டத்தால் கோடரியைத் தடுக்க முடிந்தது. வெப்பத்தைத் தடுக்க முடியவில்லை.

நம் கரையின் முதிய மீனவர்களிடம் எத்தனை மீன்களுக்குப் பெயர் இருக்கிறது? எப்பெயர் எம்மீனுக்கு, எப்பருவத்தில், எந்தப் பாரில் கிடைத்தது என்பதை எவரேனும் எழுதி வைத்திருக்கின்றோமா? ஜாஹிஸ் கடலோடியின் சொல்லை ஐயுற்று விட்டுவிட்டார். ஃபோர்ஸ்கால் அதனைக் கேட்டு எழுதினார், மீனையும் எடுத்து வைத்தார். சொல்லைக் கேட்பதும், கண்ணால் சரிபார்ப்பதும், சான்றைப் பேணுவதும் ஆகிய மூன்றும் நம் மரபுக்கு அயலானவை அல்ல. ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்தவையே அவை. நம் அரபுக் கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் பயிலும் இளைஞர்களுள் சிலரேனும் இம்மூன்றையும் கடலுக்குக் கொண்டு செல்வார்களானால், கிரேக்கக் குதிரைக்கு அருகில் ஒரு தமிழ்ப் பெயரோ அரபுப் பெயரோ இடம்பெறும் நாள் தொலைவில் இல்லை. பெயர் எம்மொழியில் அமைந்தாலும், அப்பெயருக்குரிய உயிர் பாறையிடுக்கில் வாழ்ந்து கொண்டிருக்க வேண்டும் என்பதே முதன்மையானது.

வினா எழுப்பிய அம்மாணவர் படிப்பை முடித்து, இப்போது ஒரு கடற்கரைச் சிற்றூரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அண்மையில் சந்தித்தபோது இம்மீனைப் பற்றி அவரிடம் கூறினேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "எங்கள் மஹல்லா மீனவர்களிடம் நான் இதுவரை ஒரு மீனின் பெயரைக்கூடக் கேட்டதில்லை, உஸ்தாத்" என்றார். கேட்கத் தொடங்குவது எளிது. கொசுவையும் அதனினும் சிறியதையும் உவமையாக்கிய இறைவன், அவற்றைக் காணும் கண்ணையும், கண்டதைப் பேணும் பொறுப்புணர்வையும் நம் அனைவருக்கும் அருள்வானாக.